தண்ணீருக்குப் பயந்த ஹெரால்டு

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை கிடையாது. பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால், சொந்தத்திலோ சர்ச்சிலோ யார் பழைய வண்டி வாங்குவதாக இருந்தாலும் என்னைக் கூப்பிட்டுவிடுவார்கள். "சும்மா ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லுங்க டீச்சர்" என்பார்கள். போய்ப் பார்ப்பேன். இன்ஜின் ஆயில் குடிக்கிறது, சேசிஸ் வளைந்திருக்கிறது, வாங்காதீர்கள் என்பேன். "ஆனா கலரு நல்லா இருக்குதுங்களே" என்பார்கள். அடுத்த வாரமே அந்த வண்டி மாலை போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டு வாசலில் நிற்கும்.

இவர்களுக்கும் கீழே ஒரு கூட்டம் இருக்கிறது. இவர்கள் வாங்குவது பழைய கார் இல்லையாம், கிளாசிக்காம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொப்பி போட்டுக்கொண்டு வண்டிகளை வரிசையாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவரை ஒருவர் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பாதிப் பேருக்கு ஆயிலை எங்கே ஊற்றுவது என்றே தெரியாது. வீட்டிலிருந்து டிரைவர் ஓட்டிக்கொண்டு வருவார். கூட்டம் கண்ணுக்குத் தெரிகிற இடம் வந்ததும் இவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வார்கள். அதைப் பார்த்துக் கைதட்டவும் ஆள் இருக்கிறது.

என் தம்பி அந்தக் கூட்டத்தில் போய்ச் சேருவான் என்று நான் நினைத்ததே இல்லை. அவனுக்கு ஊருக்குள் கணபதி என்கிற பகுதியில் பம்புசெட்டுக்கு உதிரி செய்கிற சின்னப் பட்டறை. ஒரு இரும்புத் தகட்டைச் சுண்டிப் பார்த்தே அதன் தரத்தைச் சொல்லிவிடுவான். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகு ஒருநாள் போன் பண்ணி, "அக்கா, பாப்பா கல்யாணத்துக்கு ஒரு காரு வாங்கறேன். நீ வந்து பாத்துரு" என்றான்.

"புதுக் கார எதுக்குடா நான் பாக்கணும்?"

"புதுசு இல்ல. ஹெரால்டு."

ஹெரால்டு என்பது எங்கள் சின்ன வயதில் ரோட்டில் ஓடிய குட்டிக் கார். இரண்டே கதவு. இன்ஜினைப் பார்க்க வேண்டுமென்றால் முன்பக்கத்தை மட்கார்டோடு சேர்த்து அப்படியே முன்னால் சாய்க்க வேண்டும். இன்று அதை ரோட்டில் பார்ப்பதே அபூர்வம். ஆனால் தம்பி சொன்னதும் எங்கள் இரண்டு பேர் மனதிலும் வந்து நின்றது ஒரே ஹெரால்டுதான்.

சென்னிமலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் எங்கள் அப்பா கூலி வேலை செய்தார். தோட்டத்துக்காரரை நாங்கள் பண்ணாடி என்றுதான் கூப்பிட வேண்டும். அவரிடம் ஒரு நீல ஹெரால்டு இருந்தது. தினமும் காலையில் தொட்டித் தண்ணீரை மொண்டு அதைக் கழுவுவது அப்பாவின் வேலை. வெளிப்பக்கம் மட்டும். உள்ளே துடைக்க அவர்கள் வீட்டு ஆள் வருவார். ஒருநாள் கதவு திறந்து கிடந்தபோது தம்பி உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டான். அப்போது அவன் பள்ளிக்கூடம்கூடப் போக ஆரம்பிக்கவில்லை. பண்ணாடிச்சி பார்த்துவிட்டார். சத்தம் போடவில்லை. சீட்டு உறையைக் கழற்றி வெளியே எறியச் சொன்னார், அவ்வளவுதான். அத்தனை பேர் முன்னாலும் தம்பியைப் போட்டு அடித்தது அப்பாதான். அடிக்காமல் விட்டால் வேலை போய்விடும் என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. எனக்கு அந்தக் காரை நினைத்தால் அப்பாவின் கை ஓங்கியதுதான் நினைவுக்கு வரும். தம்பிக்கு அது நினைவில்லை. "சீட்டு அப்படியே உள்ள வாங்குச்சு அக்கா" என்று வளர்ந்த பிறகும் சொல்வான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் என் காரிலேயே இரண்டு பேரும் கிளம்பினோம். துடியலூரைத் தாண்டி ஒரு பெரிய தகரக் கொட்டகை. பழைய கார்களை வாங்கி, அலங்காரம் பண்ணி விற்கிறவர் வாசலிலேயே நின்றிருந்தார். தும்பைப்பூ மாதிரி சட்டை, தலையில் தொப்பி, வெயில் இல்லாத இடத்திலும் கறுப்புக் கண்ணாடி.

"வாங்கம்மணி, வாங்க. வெய்யில்ல வந்திருக்கறீங்க. எளநி குடிக்கறீங்களா?"

எங்கள் ஊர் மரியாதை எனக்குப் பிடிக்கும். ஆனால் பொய்க்கும் அதே மரியாதை ஒட்டிக்கொள்ளும் என்பதைத் தொழில் பார்த்த காலத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். இளநீர் வேண்டாம், வண்டியைக் காட்டுங்கள் என்றேன்.

வெளிர்மஞ்சள் நிற ஹெரால்டு. பெயின்ட் பளபளவென்று இருந்தது, அவர் முகம் மாதிரியே. தம்பி அதைப் பார்த்த பார்வையைப் பார்த்ததும் நான் வந்தது வீண் என்று புரிந்துவிட்டது. பட்டறையில் துளி பிசிறு இருந்தாலும் உதிரியைத் தூக்கி எறிகிறவன், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

"இது வால்பாறையில எஸ்டேட் மொதலாளி ஊட்டு வண்டிங்க" என்று ஆரம்பித்தார் தொப்பிக்காரர். "அவரும் அவரு சம்சாரமும் மட்டுந்தானுங்க உக்காந்தது. கண்டவங்க கை படாத வண்டிங்க, சார்."

எனக்குக் காது சுட்டது. தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினான். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது எனக்குத் தொப்பிக்காரர் மேல் வந்த கோபத்தைவிட அவன் மேல் வந்த இளப்பம்தான் அதிகம்.

கைப்பையில் ஒரு காந்தம் எப்போதும் வைத்திருப்பேன். பழைய வண்டி பார்க்க அதைவிட நல்ல கருவி இல்லை. கைக்குட்டையில் சுற்றிக் கதவின் மேல்பக்கம் வைத்தேன், ஒட்டியது. கதவின் கீழ்விளிம்பில் வைத்தேன், நழுவி விழுந்தது. கதவுக்கு அடியிலுள்ள படிக்குக் கீழே வைத்தேன், அங்கேயும் விழுந்தது. துரு தின்ற இடத்தையெல்லாம் பட்டி பூசி, தேய்த்து, மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். பட்டி என்பது வேறொன்றுமில்லை, வீட்டுச் சுவரில் ஓட்டையை அடைப்பது போலக் காரின் ஓட்டையை அடைக்கிற பசை. அந்த வண்டியின் கீழ்ப்பாதி கார் என்பதைவிடச் சுவர் என்று சொல்லலாம்.

"ஏனுங்க, கீழ பூரா பட்டியா இருக்குதே?"

"டச்சப் பண்ணியிருக்கறமுங்க அம்மணி. பொண்ணுக்குப் பவுடர் போடறதில்லீங்களா?"

ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுத் தம்பியைப் பின்னாலிருந்து தள்ளச் சொன்னேன். ஒரு கையால் தள்ளினான், வண்டி நகர்ந்தது. ஸ்டியரிங்கைக் கால்வட்டம் திருப்பிய பிறகுதான் சக்கரத்துக்குச் செய்தி போனது.

"எஃப்.சி. எப்பப் பண்ணுனீங்க?" என்று கேட்டேன். பழைய வண்டியை இன்னும் ரோட்டில் ஓட்டலாமா என்று பரிசோதித்துத் தருகிற சான்றைத்தான் ஊரில் எஃப்.சி. என்பார்கள்.

"போன வருசம்தானுங்க. இன்னும் நாலு வருசத்துக்குத் தொந்தரவே இல்லீங்க. ஒவ்வொரு தடவையும் கரெக்டா பண்ணியிருக்கறாங்க."

"யாரு பாத்துப் பாஸ் பண்ணுனாங்க? இந்த ஹேண்ட்பிரேக்கையா?"

"எல்லாம் ஆபீசர்தானுங்க."

"வண்டி ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போச்சுங்களா?"

தொப்பிக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இந்த மாதிரி வண்டியக் கொண்டுபோயி வெய்யில்ல நிறுத்த முடியுமுங்களா அம்மணி? பெயின்ட் என்னத்துக்கு ஆகறது? நம்மகிட்ட ஆள் இருக்கறாருங்க. பேப்பரு போகும், பேப்பரு வந்துரும். வண்டி நகரவே வேண்டியதில்லீங்க."

வெட்கப்பட வேண்டிய விஷயத்தை வண்டியின் பெருமையாகச் சொன்னார். அத்தனை வருடமாகப் பரிசோதனையில் தேறிய வண்டியை ஒருவர்கூடப் பரிசோதிக்கவில்லை. நான் மாணவர்களுக்கு பிரேக் தூரம் கணக்குப் போடச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் இந்த மாதிரி ஆட்கள் ஆளும் ஊரில்தான்.

"ஓட்டிப் பாக்கறேன்" என்றேன்.

"தாராளமாப் பாருங்க. நானும் வாரனுங்க" என்று சொல்லி, முன்சீட்டை மடக்கிப் பின்னால் நுழைந்துகொண்டார். தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு கதவு கார் என்பதால் முன்னால் இருக்கிறவர் இறங்கி சீட்டை மடக்கினால்தான் பின்னால் இருக்கிறவர் வெளியே வர முடியும். இதை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆனால் மெயின் ரோட்டில் ஒரு வாட்டர் சர்வீஸ் கடையைப் பார்த்ததும் எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. வண்டியை நேராக உள்ளே திருப்பினேன்.

"இங்க எதுக்குங்கம்மணி?" என்றார் பின்னாலிருந்து.

"அடியில கழுவிப் பாக்கணும்."

"வேண்டாமுங்க! நேத்துத்தானுங்க கழுவுனோம்."

"இன்னொரு தடவ கழுவுனாத் தப்பில்லயே."

"அம்மணி, இது தண்ணி அடிக்கற வண்டி இல்லீங்க. சார், நீங்க சொல்லுங்க சார். தண்ணி அடிக்கப்படாதுங்க!"

"ஏனுங்க? கரைஞ்சு போயிருமா?"

கடைக்காரர் லிஃப்டைக் காட்டினார். நான் வண்டியை அதன்மேல் நிறுத்திவிட்டு இறங்கிக் கதவைச் சாத்தினேன். தம்பியும் இறங்கினான். தொப்பிக்காரர் முன்சீட்டைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே, "சார், சீட்ட மடக்குங்க சார், என்னையும் எறக்கி உடுங்க" என்று கெஞ்சினார். தம்பி என்னைப் பார்த்தான். பிறகு மடக்கிவிட்டான். தொப்பி உள்ளே விழுந்துவிட, வழுக்கைத் தலையோடு குனிந்து வெளியே வந்தார். முதல்முறையாக அவர் சொந்த வயதில் தெரிந்தார்.

லிஃப்ட் ஏறியது. கடைக்காரர் ஜெட்டைத் திறந்து அடியில் அடித்தார். முதலில் கறுப்புப் பெயின்ட் பொருக்குப் பொருக்காக வந்தது. அப்புறம் பட்டி வந்தது. அதற்குப் பின்னால் ஈரச்சாக்கு ஒன்று தொங்கியது. வண்டி முழுவதையும் தாங்குகிற, துரு தின்ற சேசிஸ் குழாய்க்குள் சாக்கைத் திணித்து, அதன்மேல் பட்டி பூசி, கறுப்பு அடித்திருக்கிறார்கள். காலடித் தகடு இருக்க வேண்டிய இடத்தில் சமையல் எண்ணெய் டின்னை வெட்டி விரித்து ரிவெட் அடித்திருந்தார்கள். தண்ணீர் பட்டதும் டின்னில் அச்சடித்திருந்த சூரியகாந்திப்பூ மஞ்சளாகப் பளிச்சென்று தெரிந்தது. வால்பாறையில் மழை பிடித்தால் மாதக்கணக்கில் விடாது. அங்கே எங்கோ ஒரு கொட்டகையில் வருடக்கணக்கில் ஊறிக் கிடந்த வண்டி. நான் கடையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் வாங்கி சேசிஸில் குத்தினேன். பிஸ்கட்டில் இறங்குவது போல இறங்கியது. உருவி எடுத்ததும் அந்த ஓட்டை வழியாக, மேலே தரையும் அரித்துப்போன காரின் உட்பக்கம் தெரிந்தது.

"நீங்க இந்தச் சீட்டுல உக்காந்துட்டுத்தான வந்தீங்க?" என்று தொப்பிக்காரரிடம் கேட்டேன்.

அவருக்கு வெட்கம் கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. கைக்குட்டையால் தலையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பழைய வண்டின்னா அப்படித்தானுங்க அம்மணி. வயசானவங்கள ஸ்கேன் பண்ணிப் பாத்தா எதுதானுங்க நல்லா இருக்கும்?"

நான் கையைக் கழுவப் போனேன். அத்துடன் முடிந்தது என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது தம்பி லிஃப்டுக்கு அடியில் நின்று சேசிஸை விரலால் தடவிக்கொண்டிருந்தான். சட்டையெல்லாம் செம்பழுப்புத் தண்ணீர்.

"இத மாத்திரலாம் அக்கா" என்றான். "ரெண்டு பக்கமும் குழாய வெட்டிட்டு நம்ம பட்டறையிலயே புதுசாப் போட்டுக்கலாம். ஃப்ளோருக்கு நல்ல பிளேட்."

"அப்ப எதடா வாங்கற? பெயின்ட்டையா?"

அவன் நேராகத் தொப்பிக்காரரிடம் போய் விலையைக் குறைத்துக் கேட்டான். அவர் யோசிக்காமல் குறைத்தார். குறைத்த வேகத்திலேயே தெரிந்தது, அதுவும் அதிகம் என்று.

ஹெரால்டைக் கொட்டகையில் விட்டுவிட்டுத் திரும்பும் வழியில் என் காரில் சண்டை போட்டோம். உலகத்தில் எத்தனையோ கார் இருக்க, பண்ணாடி வைத்திருந்த கார்தான் வேண்டுமா என்று கேட்டேன். கண்டவங்க கை படாத வண்டி என்று அந்த ஆள் சொன்னது உன் காதில் விழவே இல்லையா என்று கேட்டேன். கேட்டுச்சு என்றான். கேட்டும் சிரித்தாயே என்றேன்.

"நான் வாங்கிட்டா என் கையிதான அதுல படும்" என்றான்.

"படட்டும். அதுக்கு ஒரு துருப்பிடிச்ச டப்பாவா?"

"அப்பா இருந்திருந்தா பின்னால உக்கார வெச்சு ஓட்டியிருப்பேன் அக்கா."

"அப்பா இருந்திருந்தா அந்தக் காரப் பாத்ததும் ஒரு வாளித் தண்ணியோட போயி நின்னிருப்பாருடா."

சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொல்லிவிட்டேன், அது உண்மையும்கூட. கணபதி வரும்வரை அவன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தான்.

அவன் அந்த வண்டியையே வாங்கினான். அதற்குப் பிறகு நான் பட்டறைப் பக்கம் போகவில்லை. பட்டறையில் வந்த ஆர்டரையெல்லாம் தள்ளிவைத்துவிட்டுக் காருக்கு அடியிலேயே படுத்துக் கிடக்கிறான் என்று அவன் மனைவி போனில் அழுதாள். கல்யாணத்துக்கு மண்டபம், சாப்பாடு, பத்திரிகை எல்லாம் அவள் ஒருத்தியே அலைந்தாள். ஆண்கள் ஒரு பொருளை நேசிக்கத் தொடங்கினால் வீட்டில் ஒரு பெண்ணின் வேலை இரட்டிப்பாகும் என்பதை நான் என் கல்யாண வாழ்க்கையிலும் பார்த்தவள். அவளுக்காகத்தான் ஒருநாள் போனேன்.

காரைத் தூக்கி நிறுத்தியிருந்தான். குனிந்து பார்த்தேன். புதுக் குழாய், ஒழுங்கான வெல்டிங், பிசிறு தட்டி ராவியிருந்தான். ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன், வழுக்கிக்கொண்டு போனது. ஹேண்ட்பிரேக் பிடித்தது. பட்டி பூசியிருந்த இடத்தையெல்லாம் சுரண்டி எடுத்துத் தகடு வைத்திருந்தான். என் காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. வேலை நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நிறத்தை நீலமாக மாற்றியிருந்தான், அதைப் பார்த்ததும் வந்த எரிச்சலில் வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

நிறம் மாற்றியதால் வண்டியை ஆபீசில் நேரில் காட்டிப் பதிய வேண்டும். ஆள் வேண்டாம், நீயே போ என்று சொல்லியிருந்தேன். போனான். நானும் போனேன். இத்தனை காலத்துக்குப் பிறகு ஒருவராவது அந்த வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கட்டும் என்று ஆசை. வெயிலில் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும் அதிகாரி வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். "அடேயப்பா, ஹெரால்டு! எங்க மாமா ஒண்ணு வெச்சிருந்தாருங்க" என்றார். தம்பி ஆர்வமாக, "சேசிஸ் பூரா புதுசுங்க சார், அடியில பாருங்க" என்றான். அவர் பார்க்கவில்லை. போனை எடுத்துத் தம்பியிடம் கொடுத்து, பானெட் மேல் கை வைத்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பக்கத்து அறையிலிருந்தும் இரண்டு பேர் வந்து எடுத்துக்கொண்டார்கள். பிரேக்கைக்கூட மிதித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். சாக்கு அடைத்த வண்டிக்கும் அதே கையெழுத்துத்தான், பாடுபட்டுச் சரிசெய்த வண்டிக்கும் அதே கையெழுத்துத்தான். வீட்டுக்கு வரும்வரை தம்பி புலம்பிக்கொண்டே வந்தான். எனக்கு ஒன்றும் அதிசயமாக இல்லை.

கல்யாண நாள் காலையில் ஹெரால்டுக்கு மல்லிகையும் ரோஜாவும் சுற்றி வாசலில் நிறுத்தியிருந்தார்கள். தம்பி கோட்டு போட்டுக்கொண்டு கதவைப் பிடித்து நின்றான். தம்பி மகள் வெள்ளைப் பட்டுப்புடவையும் தலையில் வலைத்துணி முக்காடுமாக வெளியே வந்தாள். காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அத்தே, நீங்களே சொல்லுங்க. இந்தப் பொடவையோட சீட்டுக்குப் பின்னால நான் எப்படிப் பூந்து போறது?"

"முன்னால உக்காந்துக்க கண்ணு" என்றான் தம்பி.

"ஏ.சி. இல்லப்பா. சர்ச்சுக்குப் போறதுக்குள்ள மேக்கப் பூரா ஒழுகிரும். போட்டோ அப்பறமா எடுத்துக்கலாம்பா, ப்ளீஸ்."

அவள் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. சொந்தக்காரர் ஒருவரின் பெரிய காரில் அம்மாவோடு ஏறிப் போய்விட்டாள். மற்றவர்களும் கிடைத்த வண்டியில் ஏறினார்கள். ஹெரால்டில் ஏற யாரும் வரவில்லை. எல்லோருக்கும் அதைப் பார்க்கத்தான் பிடித்திருந்தது. தம்பி கதவைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அந்தப் பக்கம் சுற்றிப் போய் ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்தான்.

வழியில் நின்றுபோனால் தள்ள ஒரு ஆள் வேண்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இந்தப் பக்கக் கதவைத் திறந்து ஏறினேன். அவன் திரும்பிப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினான். காந்திபுரம் சிக்னலில் ஆட்டோக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பைக்கில் வந்தவர்கள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். என் வயதில், பூச்சுற்றிய காரில், கல்யாணப் பொண்ணு மாதிரி உட்கார்ந்திருப்பது எவ்வளவு கேவலம் என்று நினைத்து நேரே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரேக் ஒழுங்காகப் பிடித்தது. கிளட்ச் மென்மையாக இருந்தது. அவன் நன்றாகத்தான் ஓட்டினான்.

சிக்னல் விழுந்து வண்டி நகர்ந்ததும், "எப்படி அக்கா இருக்குது?" என்று கேட்டான்.

"எடது பக்கம் இழுக்குது" என்றேன். "அலைன்மென்ட் பாரு."